கொல்லைப்புறத்தில் ஒரு சதுப்புத் தொட்டி
மீனுக்கு முன் செடி. செடிக்கு முன் பொறுமை

சில மாதங்களுக்கு முன் ஒரு சிறு விவசாயி என் அலுவலகத்திற்கு வந்தார். கையில் ஒரு டிபன் டப்பா. திறந்து காட்டினார். உள்ளே பதினைந்து இருபது மோலி மீன்கள் செத்துக் கிடந்தன. "தொட்டி கட்டி ஆறு நாள்தான் ஐயா ஆச்சு. கிணத்துத் தண்ணிதான் ஊத்தினேன். மருந்து எதுவும் போடலே. கடைக்காரர் நோய் மீனைக் கொடுத்து ஏமாத்திட்டாரா?" என்று கேட்டார். மகளின் காது தோட்டை அடகு வைத்து அந்தத் தொட்டியைக் கட்டியிருக்கிறார். கொஞ்சம் மீன் பெருக்கி விற்றால் வீட்டுச் செலவுக்கு ஆகுமே என்பது அவர் எண்ணம்.

கடைக்காரர்மேல் தவறு இல்லை என்று நான் உடனே சொல்ல முடிந்தது. ஏனெனில் பல ஆண்டுகளுக்கு முன் என் வீட்டிலும் இதே தவறு நடந்தது. முனைவர் பட்டம் வாங்கிய நானே புதுத் தொட்டியில் மூன்றாம் நாள் மீன் விட்டேன். எட்டாம் நாள் எல்லாவற்றையும் அள்ளிப் புதைத்தேன். மீனைக் கொன்றது நோயன்று, நம் அவசரம். அந்த அவசரத்தைத் தவிர்த்து, நீரும் நிலமும் சேர்ந்த ஒரு சிறு தொட்டியை முதல் முறையாக அமைப்பது எப்படி என்று இந்த வாரம் காண்போம்.

சதுப்புத் தொட்டி என்றால் என்ன?

ஒரே தொட்டியில் ஒரு பக்கம் நீர், ஒரு பக்கம் ஈரமண். நீரில் மீனும் நத்தையும் வாழும். மண்ணில் வல்லாரை, பொன்னாங்கண்ணி போன்ற ஈரம் விரும்பும் செடிகள் வளரும். மேலை நாட்டார் இதைப் 'பாலுடேரியம்' என்கிறார்கள். 'பாலுஸ்' என்ற லத்தீன் சொல்லுக்குச் சதுப்பு நிலம் என்பது பொருள். அவர்கள் கண்ணாடிப் பெட்டியில் அமைத்து வரவேற்பறையில் வைக்கிறார்கள். நமக்குக் கொல்லையில் ஒரு சிமெண்டுத் தொட்டி போதும். வாய்க்கால் ஓரத்தில் இயற்கை செய்து வைத்திருப்பதைத்தான் நாம் ஆறடி நீளத்தில் செய்யப் போகிறோம்.

வெறும் மீன் தொட்டியைவிட இதில் ஒரு பெரிய வசதி உண்டு. மீனின் கழிவு செடிக்கு உரமாகிறது. செடியும் மண்ணும் நீரைச் சுத்தம் செய்து மீனுக்குத் திருப்பித் தருகின்றன.

வயலில் நடப்பதே தொட்டியிலும்

வயலில் யூரியா இடுகிறோம். அது முதலில் அம்மோனியா வடிவத்திற்கு மாறுகிறது. பிறகு மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும், வேறு சில நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. பயிர் அதை உறிஞ்சிக் கொள்கிறது. தொட்டியில் யூரியாவுக்குப் பதில் மீனின் கழிவும் மீந்த தீவனமும் இருக்கின்றன. மற்றபடி கதை ஒன்றே.

ஆனால் ஒரு வேறுபாட்டை நினைவில் வைக்க வேண்டும். வயலில் அம்மோனியா சற்றுத் தங்கினாலும் பயிர் செத்துவிடாது. தொட்டியில் தங்கினால் மீன் செத்துவிடும். அடுத்து உண்டாகும் நைட்ரைட்டும் நஞ்சே; அது மீனின் இரத்தத்தைப் பழுப்பாக்கி, பிராணவாயுவைச் சுமக்க முடியாதபடி செய்கிறது. கடைசியில் வரும் நைட்ரேட்டே அதிகத் தீங்கில்லாதது. நீரில் காரத்தன்மையும் வெப்பமும் கூடக்கூட அம்மோனியாவின் நஞ்சும் கூடும். நம் கிணற்று நீர் பல இடங்களில் காரமானது. நம் கோடையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே நாம் கூடுதல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

புதுத் தொட்டியில் மேற்கூறிய நுண்ணுயிர்கள் இல்லை. அவை ஜல்லியிலும் வேரிலும் படிந்து பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதற்குள் மீனை விட்டால், தன் கழிவே தனக்கு நஞ்சாகி அது மடிகிறது. டிபன் டப்பாவில் வந்த மீன்களின் கதை இதுதான். புதுச் சிமெண்டின் சுண்ணாம்பும் சேர்ந்து கொண்டது.

தந்தையும் மகனும்

இந்த உண்மை வெளிப்பட்ட வரலாறு சுவையானது. லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற இரசாயன அறிஞர் இருந்தார். இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடியையும் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் சேர்த்து வைத்து, நீர் கெடாமல் இருப்பதைக் கண்டார். செடியின் பழுத்த இலைகள் அழுகி நீரைக் கலக்கியபோது, குளத்து நத்தைகளை விட்டார். அவை அழுகலைத் தின்று தீர்த்தன. நத்தையின் முட்டைகள் மீனுக்கு இரையாயின. செடி, மீன், நத்தை மூன்றும் ஒன்றையொன்று தாங்குவதை அவர் 1850-இல் அறிவித்தார்.

அவருடைய மகனின் பெயரும் ராபர்ட் வாரிங்டன்தான். அவர் இங்கிலாந்தின் புகழ்பெற்ற ராதம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றினார். மண்ணில் அம்மோனியா நைட்ரேட்டாவது இரண்டு படிகளில், இரண்டு வகை நுண்ணுயிர்களால் நடக்கிறது என்று ஆராய்ந்து காட்டினார். 1890-ஆம் ஆண்டு வாக்கில் ருஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி அந்த நுண்ணுயிர்களைத் தனியே பிரித்தெடுத்தார். தந்தை தொட்டியில் கண்ட சமநிலைக்கும் மகன் வயல் மண்ணில் கண்ட மாற்றத்திற்கும் அடிப்படை ஒன்றே. உழவனுக்கு இது புதுப் பாடமன்று. தெரிந்த பாடத்தை நீரில் படிக்கிறோம், அவ்வளவே.

இடமும் அளவும்

காலை வெயில் நான்கைந்து மணி நேரம் விழுந்து, பிற்பகலில் நிழல் விழும் இடம் நல்லது. புளி, வேம்பு போன்ற மரங்களின் அடியில் கட்டக்கூடாது. உதிரும் இலை நீரைக் கெடுக்கும். மருந்து தெளிக்கும் வயலின் காற்று வாட்டத்திலும் கூடாது.

தொட்டியின் உள்ளளவு 6 அடி நீளம், 3 அடி அகலம், 2 அடி உயரம் இருக்கட்டும். நீளத்தில் 4 அடி நீர்ப்பகுதி. 2 அடி நிலப்பகுதி. இரண்டுக்கும் நடுவே 20 அங்குல உயரத்தில் குறுக்குச் சுவர் எழுப்ப வேண்டும். அதன் அடியில், தரையிலிருந்து 2 அங்குலம் விட்டு, ஓர் அங்குலக் குழாய்த் துண்டுகள் நான்கைப் பதித்து, வாயில் வலை கட்டவும். இதன் வழியாகவே இரு பகுதி நீரும் கலக்கும்.

வெளிச்சுவரில் 15 அங்குல உயரத்தில் வலை கட்டிய வடிகுழாய் ஒன்று அவசியம். இல்லையேல் அடைமழையில் தொட்டி வழிந்து மீன் வெளியேறும். நீர் 15 அங்குலம் நின்றால் நீர்ப்பகுதியின் கொள்ளளவு ஏறத்தாழ 425 லிட்டர்.

சுண்ணாம்பை வெளியேற்றுதல்

பூச்சு வேலை முடிந்து ஒரு வாரம் ஈரம் காத்தபின், தொட்டி நிறைய நீர் விட்டு, வாழைத்தண்டுத் துண்டுகளைப் போட்டு ஒரு வாரம் ஊறவிடவும். பிறகு நீரை முழுவதும் இறைத்துவிட்டு, தேங்காய் நாரால் சுவரைத் தேய்த்துக் கழுவவும். இவ்வாறு மூன்று முறை செய்ய வேண்டும். புதுச் சிமெண்டு நீரின் கார அமில நிலையை 11, 12 வரை உயர்த்தக்கூடும். அது 8.5-க்குக் கீழே இறங்கிய பிறகே அடுத்த வேலை. இதற்கான சோதனைத் தாள் வண்ணமீன் கடைகளில் கிடைக்கும். கிணற்று நீர் உப்பாக இருக்குமோ என்ற ஐயமிருந்தால், மண் பரிசோதனை நிலையத்தில் பாசன நீரைப் போலவே கொடுத்துப் பார்க்கலாம். குழாய் நீரானால் குளோரின் போக, திறந்த பாத்திரத்தில் ஒரு நாள் வெயிலில் வைத்து ஊற்றவும்.

நிலப்பகுதியை நிரப்புதல்

அடியிலிருந்து மேலாக இந்த வரிசையில் நிரப்ப வேண்டும்:

1. நன்கு கழுவிய முக்கால் அங்குல ஜல்லி, 9 அங்குலம்.
2. பொடி ஜல்லி, 4 அங்குலம்.
3. நைலான் வலை, அதன்மேல் கழுவிய பருமணல், 3 அங்குலம்.
4. செம்மண்ணும் மணலும் சமமாகக் கலந்த கலவை, 4 அங்குலம்.

குறுக்குச் சுவருக்கு எதிர்ப்புறக் கடைசியில் 6 அங்குல அகலத்திற்கு மண் போடாமல், மேல்வரை ஜல்லியாகவே விட்டுவிடவும். மண் சரியாதபடி இடையே ஒரு பலகைக் கல்லை நிறுத்தலாம். நீர்ப்பகுதியில் ஒரு சிறு பம்பு வைத்து, நீரை எடுத்து இந்த ஜல்லிப் பட்டையில் ஊற்றச் செய்ய வேண்டும். நீர் ஜல்லியின் ஊடே, வேர்களுக்கு அடியில் ஊர்ந்து, குறுக்குச் சுவரின் துளை வழியே திரும்பி வரும். இந்த ஜல்லிப் படுகைதான் நுண்ணுயிர்களின் வீடு. மணிக்கு 400 முதல் 500 லிட்டர் இறைக்கும் பம்பு போதும். நீரில் கை வைக்குமுன் மின் இணைப்பைத் துண்டிக்க மறக்க வேண்டாம்.

பம்பு வாங்க இயலாதவர்கள் காலை, மாலை பத்துப் பத்து வாளி நீரை மொண்டு ஜல்லிப் பட்டையில் ஊற்றலாம். ஆனால் மீனின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். நீண்ட மின்தடையின்போதும் இதே வழியைக் கையாளவும்.

மண்ணில் தொழு உரமோ ரசாயன உரமோ கலக்க வேண்டாம். மீன் தரும் உரமே போதும். இலுப்பைப் பிண்ணாக்கை அருகிலும் கொண்டுவரக் கூடாது. மீன் பண்ணைக் குளங்களில் வேண்டாத மீன்களைக் கொல்ல இடுவதே அதுதான்.

எந்தச் செடி எங்கே?

மண்பகுதியில் வல்லாரை, பொன்னாங்கண்ணி ஆகியவற்றை நடலாம். நீரை ஒட்டிய விளிம்பில் நீர்ப்பிரம்மியும் வசம்பும் நன்கு வரும். நீருக்குள் வேலம்பாசி, வாலிஸ்னேரியா ஆகியவற்றை மணல் நிரப்பிய மண்சட்டியில் நட்டு இறக்கவும். இவை குஞ்சுகளுக்கு ஒளிவிடமும் ஆகும்.

நீர்ப்பரப்பில் அசோலா விடலாம். மிகுந்தால் அள்ளிக் கோழிக்கும் மாட்டுக்கும் போடலாம். பரப்பில் பாதிக்கு மேல் மூடவிடக் கூடாது. ஆகாயத்தாமரை என்றும் வெங்காயத்தாமரை என்றும் சொல்லும் களையை, பூ அழகாக இருக்கிறது என்று கொண்டுவர வேண்டாம். நம் ஏரிகளை அது படுத்தும் பாடு போதும்.

வாய்க்காலில் எடுத்த செடியை அப்படியே நடக்கூடாது. ஒரு வாரம் தனி வாளியில் வைத்துப் பார்க்க வேண்டும். அட்டையும், மீன் குஞ்சைப் பிடித்துத் தின்னும் தட்டானின் இளம்புழுவும் அதில் ஒட்டி வருவதுண்டு.

காத்திருக்கும் ஆறு வாரம்

செடி நட்டு நீர் நிரப்பியபின், மீன் இல்லாமலே இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு சிட்டிகை மீன் தீவனம் போட்டு வரவும். அது மக்கி அம்மோனியாவாகும். அதை உண்டு நுண்ணுயிர் பெருகும். தெரிந்தவர் வீட்டில் நோயில்லாத பழைய தொட்டி இருந்தால், அதன் அடியிலிருந்து ஒரு கை ஜல்லியை ஈரம் காயாமல் கொண்டுவந்து நம் ஜல்லிப் பட்டையில் போடலாம். தயிருக்கு உறை குத்துவது போல இது விரைவில் பலன் தரும். முதலில் நீர் கலங்குவதும் பிறகு தெளிவதும் இயல்பு. பயந்து நீரை மாற்றிவிட வேண்டாம். இந்த நாட்களில் கொசு முட்டையிடாதபடி நீர்ப்பகுதியைக் கொசுவலையால் மூடி வைக்கவும்.

அம்மோனியா, நைட்ரைட் சோதனைப் பெட்டிகள் வண்ணமீன் கடைகளில் கிடைக்கும். இரண்டும் இல்லை என்று காட்டும் நாளே மீன் விடும் நாள். சோதனைப் பெட்டி வாங்காதவர்கள் ஆறு வாரம் முழுவதும் பொறுத்து, பிறகு நான்கே நான்கு மீன்களை விட்டு இரண்டு வாரம் பார்க்க வேண்டும்.

சுண்ணாம்பு போக மூன்று வாரம், நுண்ணுயிர் சேர ஆறு வாரம். ஆக ஒன்பது வாரம். குறுவை நெல்லின் வயதில் ஏறக்குறையப் பாதி. நாற்று விட்ட மறுநாள் கதிர் தேடாத நாம், தொட்டி கட்டிய மறுநாள் மீன் தேடலாமா?

எந்த மீன், எத்தனை?

முதல் தொட்டிக்குக் கப்பி, மோலி, பிளாட்டி ஆகிய குட்டி போடும் இனங்களே ஏற்றவை. இவை கடின நீரைத் தாங்கும். கப்பி ஏறத்தாழ நான்கு வாரத்திற்கு ஒருமுறை குட்டி போடும். சென்னை கொளத்தூர் வண்ணமீன் சந்தைக்குப் பெயர் பெற்றது. மாவட்டத் தலைநகரங்களிலும் கடைகள் உண்டு. நம் வயல் வாய்க்காலிலேயே, தலையில் வெள்ளிப் பொட்டுடன் நீரின் மேல்மட்டத்தில் நீந்தும் சிறு மீன் இருக்கிறது. கொசுப்புழுவைத் தின்பதில் அது கெட்டிக்காரர், அதையும் விடலாம். ஆனால் சின்னஞ்சிறு குஞ்சுகளை அது விட்டுவைக்காது. குஞ்சு பெருக்கி விற்க நினைப்பவர்கள் அதைத் தவிர்க்கவும்.

பத்து லிட்டருக்கு ஒரு சிறு மீன் என்பது புதியவர்களுக்கு நான் சொல்லும் கணக்கு. நம் தொட்டிக்கு நாற்பது மீன். அதையும் ஒரே நாளில் விடாமல், இரண்டு வாரத்திற்குப் பத்தாகச் சேர்க்கவும். கூட்டம் மிகுந்தால் விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் பிளக்கும். இரவில் செடிகளும் பிராணவாயுவை எடுத்துக்கொள்வதே காரணம்.

கடலைப் பிண்ணாக்கும் தவிடும் சமமாகக் கலந்த தூள் நல்ல தீவனம். ஐந்து நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவே, நாளைக்கு இரண்டு வேளை. வாரத்தில் ஒரு நாள் பட்டினி போடலாம். பட்டினியால் செத்த தொட்டி மீனைவிட, மீந்த தீவனம் அழுகிச் செத்த மீன்களே அதிகம்.

மற்ற பிராணிகள்

குளத்து நத்தை ஐந்தாறு விடலாம். வயல் நண்டு கூடாது. வரப்பைத் துளைப்பது போலவே வேரையும் மண்ணையும் கிளறும், மீனையும் பிடிக்கும். சிறு தவளை தானே வந்து சேரும்; பிடித்து அடைக்க வேண்டாம். குளத்து ஆமையையும் நட்சத்திர ஆமையையும் வீட்டில் வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும்.

'டேங்க் கிளீனர்' என்று விற்கப்படும் முள்செதில் மீனை வாங்க வேண்டாம். அது பெரிதாக வளரும். ஏரியில் தப்பினால் நம் நாட்டு மீன்களுக்குப் பகை. எந்த வளர்ப்பு மீனையும், வேண்டாம் என்று குளத்திலோ வாய்க்காலிலோ கிணற்றிலோ விடக்கூடாது.

தொடர்ந்து கவனிக்க வேண்டியவை

வாரம் ஒருமுறை நீரில் கால் பங்கை எடுத்துவிட்டுப் புது நீர் விடவும். எடுத்த நீரை மிளகாய்ச் செடிக்கோ முருங்கைக்கோ ஊற்றலாம். ஜல்லியைச் சோப்புப் போட்டுக் கழுவக்கூடாது. கழுவினால் ஆறு வாரம் வளர்த்த நுண்ணுயிர் ஒரே நாளில் போய்விடும்.

சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற மருந்துகள் சிறு அளவிலேயே மீனைக் கொல்லும். தெளித்த கையோடு தொட்டியைத் தொட வேண்டாம். தெளிப்பான் கழுவிய நீர் அருகில் வரக்கூடாது. கீரையில் பூச்சி கண்டால் கையால் பொறுக்கவும். தொட்டியில் மீன் நோய்க்கு மருந்து இட்டால், அந்தக் கீரையைச் சமைக்க வேண்டாம். மருந்து இடாதபோதும் நன்கு கழுவி, வேகவைத்தே உண்ணவும்.

தொட்டியின்மேல் கம்பி வலை மூடி கட்டாயம் வேண்டும். மீன்கொத்தியும் பூனையும் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் வீட்டுக் குழந்தைகள். ஒரு சாண் நீரும் தவழும் குழந்தைக்கு ஆபத்து.

அந்த விவசாயி

டிபன் டப்பாவோடு வந்தவரிடம் இவற்றையெல்லாம் சொன்னேன். "கட்டின தொட்டி வீண்தானா ஐயா?" என்று கேட்டார். "தொட்டி வீண் இல்லை. மீன் வாங்கின பணம் மட்டும் போச்சு. குறுக்குச் சுவர் ஒண்ணு வைத்து, ஒன்பது வாரம் பொறுங்க" என்றேன். முகம் தெளியாமலேதான் போனார்.

சென்ற மாதம் மறுபடி வந்தார். இம்முறை கையில் ஒரு கட்டு வல்லாரை. தொட்டியில் இருபது மீன் இருக்கின்றனவாம். வேலம்பாசிக்குள் குட்டிகள் தெரிகின்றனவாம். தோடு இன்னும் மீளவில்லை. குட்டிகள் விற்கும் அளவுக்கு வளர இன்னும் சில மாதங்கள் ஆகும் என்று அவரே எனக்குச் சொன்னார். காத்திருக்கக் கற்றுக்கொண்டுவிட்டார் என்பதைக் கண்டுகொண்டேன்.

விவசாய அன்பர்கள் முதலிலேயே பெரிய முதல் போடாமல், கடன் வாங்காமல், இது போன்ற ஒரு சிறு தொட்டியில் ஓராண்டு பழகிப் பார்க்க வேண்டும். கை பழகியபின் விரிவாக்கலாம். ஐயங்கள் இருப்பின், அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ மீன்வளத் துறை அலுவலகத்தையோ அணுகி விளக்கம் பெற்றுப் பயனடைவீர்களாக.